முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி பூட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்னும் சொற்களை விளக்க வேண்டியதில்லை. மூட்டைகளை முன்னே அடுக்கினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னே அடுக்கினால் நுகம் மேலெழுந்து கயிறு குரல்வளையை இறுக்கும். பாரம் ஒன்றே, வைத்த இடந்தான் வேறு. கணபதியில் வார்ப்பாலைகள் பெருகுமுன் வண்டிகட்டிய தலைமுறை அறிந்த இக்கணக்கையே, விமானி உரிமம் பெற்ற என் சகோதரி மகன் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாளில் எழுதிக் காட்டினான்.

நால்வர் அமரும் செஸ்னா 172எஸ் விமானம் மேலெழும்போது மொத்த எடை 1157 கிலோவைத் தாண்டலாகாது. வெறும் விமானமே ஏறத்தாழ 760 கிலோ. கலம் நிறைய எரிபொருள் 200 லிட்டர். அது 144 கிலோ. எஞ்சுவது 253. நான்கு இருக்கை இருப்பதனாலேயே நால்வர் ஏறிவிட முடியாது!

அத்தோடு முடியவில்லை. இயந்திரத்தின் பின்சுவரிலிருந்து ஒவ்வொரு பாரமும் இருக்கும் தூரத்தால் அதன் எடையைப் பெருக்க வேண்டும். இருபது கிலோ பை முன்னிருக்கையில், 94 செ.மீ. தொலைவில், 1880 ஆகிறது. பின்னறையில், 241 செ.மீ. தொலைவில், 4820. எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுத்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும். அது வரம்புக்குப் பின்னே போயிற்றானால் மூக்கு தானே மேலெழும். வேகம் குறைந்து இறக்கைகள் தாங்குதிறன் இழந்தால் மீட்பது அரிது. முன்பாரம் அத்துணை வஞ்சகமன்று. தரையிறங்குகையில் மூக்கை உயர்த்த விடாது.

2003 ஜனவரி 8இல் அமெரிக்காவின் சார்லட் நகரில், 19 பயணிகளுடன் எழும்பிய பீச்கிராஃப்ட் 1900டி விமானம் உடனே விழுந்து 21 உயிர்கள் போயின. வாலிலுள்ள ஏற்றுத்தகட்டின் கம்பி தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதனோடு பின்பாரமும் சேர்ந்தது. பயணிகளை எவரும் நிறுக்கவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்றொரு சராசரியைக் கொண்டு கணக்கிட்டனர். மக்களோ அதனினும் பருத்திருந்தனர். ஏட்டில் எல்லாம் சரியாகவே இருந்தது. அதன்பின் அச்சராசரியை உயர்த்தினார்கள்.

எடை கேட்பதையே மரியாதைக் குறைவாகக் கருதும் குடும்பம் எங்களுடையது. ஒருவரை விட்டுவிட்டுப் புறப்படுவதோ அதனினும் பெருங்குறை. என் மனைவி “அறுபது” என்றாள். அவன் பணிவோடு எடைப்பொறியை நகர்த்தி வைத்தான்: 74. நான் 80, மச்சான் 85, அவன் 70. ஆக 309. எரிபொருளைப் பாதியாக்கினால் 325 வரை இடமுண்டு. அருகே ஒரு சுற்றுச் சுற்றிவர அது போதும் என்றான். ஆனால் மனைவி கட்டிவைத்திருந்த பை 20 கிலோ. பை நின்றுவிட்டது.

“பிரியாணித் தூக்கையாவது மடியில் வைத்துக்கொள்கிறேனே, தம்பி?”

“மடியும் பின்னிருக்கையில்தானே இருக்கிறது, மாமி?” என்று சொல்லி, தூக்கையும் எடைப்பொறியில் வைத்தான்.