அபுதாபி: ஓர் இரவல் தாயகம்

உங்கள் குடும்பத்தில் எவரேனும் அமீரகத்தில் பணிபுரிந்திருந்தால், அபுதாபியின் ஷேக் ஸாயித் கிரிக்கெட் அரங்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பாலைநிலத்தில், இருபுறமும் புல்மேடுகளுடன் எழுந்து நிற்கும் அழகிய அரங்கு அது. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியினரின் பேருந்து தாக்கப்பட்டபின், பாகிஸ்தான் டெஸ்ட் அணிக்குத் தாயகமாய் அமைந்த அமீரக அரங்குகளுள் இதுவும் ஒன்று.

பெரும்பாலான நாட்களில் இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னரே தொழிலாளர் கூட்டம் சற்றுச் சேரும் (அந்நாளில் அங்கு வெள்ளிதான் வார விடுமுறை). ஆயினும் மெதுவான ஆடுகளம் சுழற்பந்துக்குத் துணைநின்றது. அன்று முதலிடத்திலிருந்த இங்கிலாந்து, 2012இல் அமீரகத்தில் 3-0 எனத் தோற்றது. மண்ணின் அனுகூலம் கிடைத்தது. ஊரார் திரண்டு ஊக்குவிக்கும் அனுகூலம்தான் இல்லை.

டெஸ்ட் தரவரிசையோ எதிரணியின் வலிமையைக் கணக்கிடுகிறதே தவிர, ஆட்டம் எவர் மண்ணில் நடந்தது என்று பார்ப்பதில்லை. 2016 ஆகஸ்டில் பாகிஸ்தான் முதலிடம் பெற்றது, ஏழாண்டுகளாய்த் தன் நாட்டில் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலே! சொந்த மைதானங்களில் புள்ளிகளைக் குவிக்கும் அணிகளையும் இவ்வணியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா? அவ்வாண்டு இங்கிலாந்துக்கே சென்று தொடரை 2-2 எனச் சமன் செய்ததற்கேனும் கூடுதல் மதிப்பளித்திருக்க வேண்டும் என்பேன்.

2019 டிசம்பரில் ராவல்பிண்டியில் மீண்டும் டெஸ்ட் நடந்தது. எதிரணியாய் வந்தது, அதே இலங்கை.