முதுகு படிய

கல்லில் தேய்க்கும்போது சவரக்கத்தியின் கூர் முன்னால் போக வேண்டும். தோல்வாரில் தீட்டும்போது முதுகு முன்னால் போக வேண்டும். இது எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று, என் கைக்குப் புரிய ஏழு மாதம். அதற்குள் தோல்வாரில் நான்கு வெட்டு. ஒவ்வோர் இழுப்பின் முடிவிலும் கத்தியை முதுகின்மேல் புரட்ட வேண்டும். நான் கூரின்மேல் புரட்டியிருக்கிறேன்.

கத்தி என்னுடையதல்ல. எங்கள் கொல்லையில் வேப்பமரத்தடியில் அப்பாவுக்கு இருபது வருஷத்துக்கு மேல் சவரம் செய்தவருடையது. ‘செய்தவர்’ என்று இப்போது எழுதுகிறேன். நான் சிறுவனாக இருந்தபோது அவர் வரவில்லை, வந்தான். எட்டு வயதில் அவரை ‘வா, உக்காரு’ என்று சொல்லியிருக்கிறேன். அவர் என்னை ‘நல்லா படிக்கிறீங்களா தம்பி’ என்பார். மரியாதை விகுதியை முன்தேதியிட்டுச் சேர்ப்பது எழுதுகிறவனுக்குச் சுலபம். நான் வேலை பார்க்கும் வங்கியில் இந்தக் காரியத்துக்கு மெமோ கொடுப்பார்கள். சவரம் முடிந்ததும் அப்பா நேரே கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வருவார். குரல்வளையில் கத்தி வைக்க அனுமதித்தவர், வைத்த கைக்காகக் குளித்தார். தீட்டு என்ற சொல் தமிழில் இரண்டையும் குறிப்பது தற்செயல்தான். சிலேடை பண்ண எனக்கு விருப்பமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கை நடுங்கத் தொடங்கியதும் அவர் கத்தியையும் தோல்வாரையும் என்னிடம் கொடுத்தார். மகனுக்கு வேண்டாம். மகனுடைய சலூனில் பாதி பிளேடைச் செருகி, ஆளுக்கு ஒன்று என்று தூக்கிப்போடும் கத்தி. 1986-ல் சென்னையில் எய்ட்ஸ் தொற்று கண்டறியப்பட்டதிலிருந்து பரவிய பயத்துக்கு இதில் பங்குண்டு. அந்தப் பயம் நியாயமானது. தீட்டும் கத்திக்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை.

கத்தியின் சாமர்த்தியமெல்லாம் முதுகில் இருக்கிறது. முதுகின் தடிமனும் அலகின் அகலமும் சேர்ந்தே கோணத்தை நிர்ணயித்துவிடுகின்றன. ஏறத்தாழ 16, 18 டிகிரி. முதுகும் கூரும் ஒருசேரக் கல்லில் படிந்தால் போதும், மனிதன் கோணம் தேட வேண்டியதில்லை. முதுகைத் தூக்கினால் கெட்டது. தோல்வாரைத் தொய்ய விட்டாலும் கூர் உருண்டுவிடும். கல் எப்போதாவதுதான் வேண்டும், தோல் ஒவ்வொரு சவரத்துக்கும் வேண்டும். பிறகு துடைக்க வேண்டும், ஈரம் சுத்தமாகப் போக வேண்டும். கடலோரக் கிளைக்கு மாற்றலாகிப் போன முதல் மாதமே துரு புள்ளிவைத்துவிட்டது. தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசுக்கேறும் என்று தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டுத் தடவுகிறேன்.

மயிர் எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. அது எப்படி எஃகை ஜெயிக்கிறது? தேய்மானம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ‘ஸயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை வேறு மாதிரி சொல்கிறது. சவர பிளேடால் மயிரை வெட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில், மயிர் வளைந்து ஒரு கோணத்தில் வந்து மோதினால், கூரில் சில்லு பெயர்கிறது. அதற்கு ஒற்றை மயிர் போதும். மாம் 1944-ல் தன் நாவலுக்குத் தலைப்பு எடுத்தது கடோபநிஷத்திலிருந்து என்று பி.ஏ.வில் படித்தேன். ஞானத்துக்குச் சவரக்கத்தியை உவமை சொன்ன ரிஷி, யாரோ ஒருவர் அதைத் தீட்டுவதை உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அந்த ஒருவரைப் பற்றி எங்கள் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

போன தை மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பதினோராம் நாள் தாடி அரிக்கிறது என்று ஜாடை காட்டினார். வெந்நீர்த் துணி போட்டு, நுரை குழைத்து, இடது கன்னத்தை முடித்தேன். வலது கன்னத்தில் கத்தி ஓடவில்லை. சாதாரணமாக ஆள் தானே கன்னத்தை உப்பிக் கொடுப்பான். அப்பாவால் முடியவில்லை. தொய்ந்த தோலில் கத்தி இழுத்துப் பிடித்தது. தாடைக்குக் கீழே ரத்தம் துளிர்த்தது.

அப்பாவைப் பார்க்க அவர் வந்திருந்தார். அறை வாசற்படிக்கு வெளியே நின்றார். நான் மறுபடி தீட்டுவதைப் பார்த்து, “அழுத்தாதீங்க தம்பி, கத்தியோட எடையே போதும்” என்றார். எழுத்திலும் நான் அழுத்துகிறவன் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. அதை இதோடு முடிச்சுப்போட மாட்டேன்.

“உள்ள வாங்க” என்றேன். அந்த ‘வாங்க’ அவரைச் சங்கடப்படுத்தியது தெரிந்தது. அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சம்மதமா, வேறெதுவுமா, சொல்ல முடியவில்லை. அவர் வந்து, காதுக்கு மேலே விரல்களை வைத்துத் தோலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தார். தோலில் வைத்தபின் அந்த விரல்கள் நடுங்கவில்லை. நான் கத்தியைச் சும்மா வைத்தேன், அது போயிற்று. இருவருமாக முடிக்கக் கால்மணி நேரம் ஆனது.

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடி தெரியும்.

“தலைக்கு ஊத்தணுமில்ல?” என்று கேட்டது அவர்தான். கேட்டுவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுபடி வாசற்படிக்கு வெளியே போய் நின்றார்.

நான் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.