போகும், போகாது

என் பேத்திக்கு அப்போது இரண்டரை வயது. அவளிடம் இருந்த சொற்கள் மொத்தம் மூன்று. 'தா' என்றால் வேண்டும். 'ஊம்' என்றால் வேண்டாம். 'ம்மா' என்றால் அம்மா, ஆச்சி, பால், தூக்கம் எல்லாமே. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு அவள் வீட்டையே ஆண்டுகொண்டிருந்தாள். பேச வேண்டிய அவசியமே அவளுக்கு ஏற்படவில்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆனால் தாத்தாவின் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பெற்றவள் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

பெங்களூரில் எட்டாவது மாடியில் வீடு. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண், சோறு ஊட்டும் சிரமத்துக்கு ஓர் உபாயம் கண்டுபிடித்திருந்தாள். செல்போனில் படம் ஓடினால் குழந்தையின் வாய் திறக்கும். படம் நின்றால் வாய் மூடிக்கொள்ளும். வைத்தியர் காதைச் சோதித்துவிட்டு, கேட்பதில் குறை ஒன்றும் இல்லை என்றார். பேச்சுப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். "முதலில் திரையை மூடுங்கள். குழந்தையோடு தரையில் உட்கார்ந்து விளையாடுங்கள், பேசுங்கள்" என்றாராம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை ஆகாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனமே 2019-இல் சொல்லியிருக்கிறது. எங்கள் பேத்தி அந்த ஒரு மணி நேரத்தைக் காலைப் பலகாரத்திலேயே தீர்த்துவிடுவாள்.

ஆக, இரண்டு மாதத்துக்குக் குழந்தை தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு கட்டுக் காகிதமும் வந்தது. வாரம் ஒரு பொருள். நாளுக்கு ஒரு விளையாட்டு. முதல் வாரம் கடல், அடுத்தது பனை, அப்புறம் பறவைகள் என்று என் மகள் அச்சடித்து ஒழுங்கு பண்ணியிருந்தாள்.

"அப்பா, ஒண்ணு விடாம செய்யணும். சாயங்காலம் சாயங்காலம் போட்டோ அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

நான் எழுதிய நாவல்களில் குழந்தைகள் நிறைய வருவார்கள். சொன்னபடி கேட்பார்கள். அழு என்றால் அழுவார்கள், தூங்கு என்றால் அத்தியாயம் முடியும்வரை தூங்குவார்கள். அந்தத் தைரியத்தில் காகிதக் கட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை 'நீலக் கடல்'. நீல நிறத்தில் பாகு செய்து, அதில் பொம்மை மீன்களை விட்டு, குழந்தையைத் தொட்டு உணரச் செய்ய வேண்டும். என் மனைவி கடல்பாசி காய்ச்சினாள். நிறத்துக்குக் கொல்லைச் சங்குப்பூவைக் கொதிக்க வைத்து ஊற்றினாள். தாம்பாளத்தில் அசல் கடல் மாதிரியே ஆடியது. குழந்தை ஒரு விரலால் தொட்டாள், உணர்ந்தாள், பிறகு கடலைத் தின்றுவிட்டாள். மீன்கள் மட்டும் மிஞ்சின.

செவ்வாய்க்கிழமைக்கு வண்ண மணல் விலைக்கு வாங்கச் சொல்லியிருந்தது. "உப்பளத்து ஊர்ல இருந்துக்கிட்டு மணலைக் காசு கொடுத்து வாங்குவாங்களா?" என்று மனைவி கல் உப்பைத் தட்டில் கொட்டினாள். குழந்தை முதல் பிடியை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். இரண்டாம் பிடியில் ருசி கண்டுவிட்டாள். அவ்வளவு உப்பு பிள்ளைக்கு ஆகாது என்று தட்டு உடனே பறிமுதலாகி, பச்சரிசி மாவு வந்தது. வெள்ளிக்கிழமைக்கு 'அலை ஓசையைச் செல்போனில் போட்டுக் கேட்கச் செய்தல்' என்று இருந்தது. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. எங்கள் ஊர்க் கடல் பெரிதாக அலையடிக்காது என்பது வேறு விஷயம்.

நடுவில் வந்த புதன்கிழமையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்குக் 'கிளிஞ்சல்களைப் பெரியது, சிறியது என்று பிரித்தல்'. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் உண்டு. என் எட்டாவது வயதிலிருந்து சேர்த்த சிப்பியும் சோழியும் சங்கும் அதில் கிடக்கின்றன. எட்டாவது வயது என்றால் 1961. எங்கள் ஊர்ப் பார்களில் அரசாங்கம் நடத்திய கடைசி முத்துக்குளிப்பு அந்த வருஷம்தான். அப்பா ஒரு சிறு கூடை சிப்பி வாங்கி வந்தார். அதைத் திண்ணையில் போட்டு அழுகவிட்டோம். அந்த நாற்றத்துக்கு அஞ்சித் தெருவே எங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. கழுவிக் கழுவிப் பார்த்ததில் கடுகளவில் இரண்டு முத்து கிடைத்தது. வியாபாரிகள் அந்த அளவை 'தூள்' என்பார்கள்.

அந்தத் தூளை எடுத்துக்கொண்டு அப்பா ஒரு முத்து வியாபாரியிடம் போனபோது நானும் போனேன். அவர் பாய்மேல் பத்துப் பித்தளைக் கிண்ணங்களை வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் ஓட்டைக் கிண்ணங்கள். முதல் கிண்ணத்தில் இருபது ஓட்டை. அடுத்தது முப்பது, ஐம்பது, எண்பது, நூறு என்று ஏறிக் கடைசிக் கிண்ணத்தில் ஆயிரம். ஓட்டை பெருகப் பெருக அதன் அளவு குறுகும். முத்துக்களை முதல் கிண்ணத்தில் கொட்டிக் குலுக்குவார். தங்கியது பெரிய முத்து. விழுந்தது அடுத்த கிண்ணத்துக்குப் போகும். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முத்து ஒவ்வொரு கிண்ணமாக விழுந்துகொண்டே போனதைப் பார்த்து அப்பாவே எழுந்துவிட்டார்.

டின்னைத் தரையில் கவிழ்த்துக் குழந்தையை எதிரில் உட்கார வைத்துவிட்டு, இந்தக் கதையை மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சு அங்கிருந்து மரியா மாண்டிசோரிக்குத் தாவியது. அந்த அம்மையாரின் கருவிகளிலும் இதே தந்திரம் இருக்கிறது. ஒரு மரக்கட்டையில் பத்துக் குழி. அவற்றுக்குப் பத்து உருளை. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குமிழ். குழந்தை குமிழைப் பிடித்து உருளையை எடுத்து அதனதன் குழியில் போட வேண்டும். மெல்லியதைப் பெரிய குழியில் போட்டுவிட்டால், கடைசியில் ஒரு பருத்த உருளை எந்தக் குழியிலும் நுழையாமல் மிஞ்சும். 'தப்பு' என்று வாத்தியார் அதட்ட வேண்டாம். கட்டையே சொல்லிவிடும்.

"எங்கேயோ இத்தாலிக்காரி என்று நினைக்காதே" என்றேன். "1939-இல் பிரம்மஞான சபை அழைத்து அடையாற்றுக்கு வந்தவள். வந்த மறுவருஷம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. உடனே பிரிட்டிஷ் சர்க்காருக்கு அவள் எதிரி நாட்டுப் பிரஜை ஆகிவிட்டாள். கூட வந்த மகன் மரியோவைக் காவலில் போட்டார்கள். அவளுடைய எழுபதாவது பிறந்த நாளைக்குத்தான் விட்டார்கள். அப்புறம் கொடைக்கானலில்..."

"ஏங்க, பிள்ளையைப் பாருங்க" என்றாள் மனைவி.

"பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன். கொடைக்கானலில்..."

பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இரைச்சல் ஒன்றும் இல்லாததை நான் சமர்த்து என்று எடுத்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது குழந்தையின் வாய் திறந்திருந்தது. அழுகையும் வரவில்லை, இருமலும் வரவில்லை. கண்கள் என்னையே பார்த்தன. உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது.

நான் அவள் வாய்க்குள் விரலை விடப் போனேன். என் மனைவி அந்தக் கையை அடித்துத் தள்ளினாள். மீன் செதில் ஒட்டிய கையாலேயே குழந்தையை வாரித் தன் தொடைமேல் தலை கீழே தாழும்படி குப்புறப் போட்டாள். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தட்டில் ஒரு சோழி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அதற்கப்புறம் அழுகை வந்தது. நான் என் ஆயுளில் அவ்வளவு இனிமையான சப்தம் கேட்டதில்லை.

அவள் முப்பது வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளேதான் போகும் என்று பிற்பாடு சொன்னாள். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் காட்டிக்கொண்டு வந்த பிறகும் சொல்லவில்லை. சாயங்காலம் மட்டும், "போட்டோ அனுப்பலையா?" என்று கேட்டாள்.

இரவு மகளிடம் நானே சொன்னேன். மறைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா இருந்தாங்களே, அது போதும்ப்பா" என்றாள். திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் மனைவி பீரோவிலிருந்து ஒரு வெள்ளிக் காப்பை எடுத்தாள். பேத்திக்குப் பெயர் வைத்த அன்று போட்டது. இப்போது கையில் ஏறாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொம்மைக்கு ஒரு சோதனை உண்டு. 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல் ஒன்றுக்குள் ஒரு சாமான் முழுதாக அடங்கிவிட்டால் அது அந்த வயதுக்கு ஆகாது. காப்பின் உள்வாய் அதைவிடச் சற்று அகலம். ஆகவே அளவு இன்னும் கண்டிப்பானது. அவள் தரையில் உட்கார்ந்து டின்னில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் காப்புக்குள் விட்டாள். நுழைந்ததெல்லாம் திரும்பப் பரணுக்கு. நுழையாதது குழந்தைக்கு. ஒவ்வொன்றுக்கும், "போகுது... இது போகாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழந்தை அசையாமல் உட்கார்ந்து பார்த்தாள். செல்போனைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

டின்னில் நுழையாதவை ஏழோ எட்டோதான் மிஞ்சின. ஆகவே பெரிய சங்காக நாலு கிடைக்குமா என்று திரேஸ்புரத்துக்குச் சொல்லியனுப்பினேன். அங்கே எனக்கு ஒரு பழைய சிநேகிதர். பதினேழு வயதில் சங்கு குளிக்க இறங்கியவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் மடங்காது. அவரே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். குழந்தை காப்பும் சிப்பியுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே நின்று சிரித்தார்.

"அண்ணாச்சி, இது எங்க அளவுப் பலகைல்லா!"

அந்த நாளில் கரைக்கு வந்த சங்குகளை ஓட்டை போட்ட மரப்பலகையில் விட்டுப் பார்ப்பார்களாம். இரண்டேகால் அங்குலத்து ஓட்டை. நுழையாத சங்கு விலைக்குப் போகும்; வங்காளத்துப் பெண்களின் கைக்கு வளையலாகும். நுழைந்துவிட்டால் அது இன்னும் வளர வேண்டிய குஞ்சு. உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும். "அதிகாரி பார்க்கான்னு இல்ல அண்ணாச்சி. அதை எடுத்தா அடுத்த வருசம் நமக்குத்தான் கெடையாது" என்றார். மடங்காத காலை நீட்டிப் போட்டுக்கொண்டு அவரும் தரையில் உட்கார்ந்தார்.

அவர் விளையாடிய விதம் எங்களுக்குத் தெரியாத விதம். ஒரு சங்கை எடுத்துக் காப்பின் வாயில் வைப்பார். "போவுமா?" என்று குழந்தையைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். நாங்கள் என்றால் அரை நொடிகூடப் பொறுக்காமல் பதிலையும் நாங்களே சொல்லிவிடுவோம். அவருக்கு அவசரமே இல்லை. மூச்சடக்கி அடித்தரையில் சங்கு தேடியவருக்கு ஒரு குழந்தைக்காகக் காத்திருப்பதா கஷ்டம்? அது அவர் முகத்தைப் பார்க்கும், சங்கைப் பார்க்கும், மறுபடி முகத்தைப் பார்க்கும். அப்புறம்தான் அவர் சங்கை அழுத்திப் பார்த்துவிட்டு, "போவாது" என்பார்.

அன்றைக்குக் குழந்தை ஒன்றும் பேசவில்லை. அவர் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஐந்தாவது நாள், அவர் வராத நேரத்தில், குழந்தை என் மூக்குக் கண்ணாடியை எடுத்துக் காப்பில் வைத்து அழுத்தினாள். பிறகு மிகவும் வருத்தத்தோடு, "போவா" என்றாள்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் அழைத்துப் போய்க்கொண்டுதான் இருந்தோம். அதனால் வந்ததோ, செல்போன் நின்றதால் வந்ததோ, வயதுக்கு வந்ததோ, யார் கண்டது? சிப்பிதான் பேச வைத்தது என்று நாவலில் வேண்டுமானால் எழுதுவேன்.

பனை வாரம் வரவே இல்லை. கடல் வாரமே ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. வீட்டில் ஒரு சாமான் மிச்சமில்லாமல் பரீட்சைக்கு உட்பட்டது. எலுமிச்சம்பழம், டம்ளர், உள்ளிப்பூண்டு, சாவிக்கொத்து, என் கட்டைவிரல் எல்லாம் வந்தன. நுழைந்ததையெல்லாம் ஆச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பரணைக் கை காட்ட வேண்டும், அது சட்டம். அந்தச் சட்டத்தின்படி என் பேனா மூன்று முறை பரணுக்குப் போயிற்று. ஒரு முறை ரத்த அழுத்த மாத்திரைப் பட்டையே போய்விட்டது. இறக்கிக் கொடுக்கும்போதெல்லாம் மனைவி, "இதுவும் நீங்க கண்ணெடுக்கிற நேரத்துல எடுத்ததுதானா?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் ஒரே குரலில் கேட்பாள்.

குழந்தையைத் திரும்ப அழைத்துப் போக மகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு செல்போனில் கூப்பிட்டாள். முகம் பார்த்துப் பேசுகிற அழைப்பு. வாரத்துக்கு ஒரு முறை அதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தோம். பேத்தி அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். எழுந்து போய்க் காப்பைக் கொண்டு வந்தாள். செல்போனை அதன் வாயில் நிமிர்த்தி வைத்து அழுத்தினாள். திருப்பிப் பக்கவாட்டில் வைத்தும் அழுத்தினாள்.

"என்னப்பா செய்றா? என் முகமே தெரியலையா அவளுக்கு?" என்று மகளின் குரல் கேட்டது.

"போவாது" என்றாள் குழந்தை. செல்போனை என் மடியில் வைத்துவிட்டு, அதற்குள் இருந்த அம்மாவைப் பார்த்து, "ம்மா, வா" என்றாள்.