கொப்பியும் பேனையும் தந்த ஆறுதல்

துக்கத்தைப் பகிர்ந்தால் பாதியாகும் என்று நம் பெரியோர் சொல்வர். ஆனால் மணமுறிவின் துக்கத்தை எவரிடம் பகிர்வது? கணவனை இழந்த பெண்ணிடம் நம்மவர் துக்கம் விசாரிக்க வருகின்றனர். விவாகரத்துப் பெற்றவளிடமோ காரணம் விசாரிக்கவே வருகின்றனர். நானும் அவ்வழியால் வந்தவள் என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

நாம் வாழும் இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல், விவாகரத்துக் கோருபவர் மற்றவர்மீது குற்றஞ்சாட்ட வேண்டியதில்லை. மணவாழ்வு மீளமுடியாதபடி முறிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தாற் போதும். 20 வாரம் கழித்து முதற் கட்டளைக்கும், அது கிடைத்து 6 வாரமும் ஒரு நாளும் கழித்து இறுதிக் கட்டளைக்கும் கேட்கலாம். நல்ல சட்டந்தான். ஆயினும் பல ஆண்டுகளாக மனத்திலே கிடந்ததைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை.

அந்த இடத்தை எனக்குத் தந்தது மகளின் பழைய பாடசாலைக் கொப்பி. பிள்ளைகள் உறங்கிய பின் சமையலறை மேசையில் இருந்து எழுதுவேன். ஊரிலுள்ள அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லாமல் விழுங்கியதெல்லாம் அதில் வந்தது. கழற்றிய தாலிக்கொடியை எந்த லாச்சியில் வைப்பதென்று தெரியாமல் நின்றதையும் எழுதினேன். அதை வேறு எவரிடம் சொல்வது?

இதனை ஆராய்ந்தோரும் உளர். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவரை நாளுக்கு 15 நிமிடமாக 4 நாட்கள் எழுதச் செய்தனர். தம் பெருந்துயரை, நடந்ததையும் நெஞ்சில் பட்டதையும் சேர்த்து எழுதியோர் அப்போதைக்கு மனம் வாடினர். ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் சுகவீனமென்று வைத்தியரை நாடியது குறைந்தது.

எனினும் இது எல்லோருக்கும் ஒரே மருந்தன்று. அரிசோனாப் பல்கலைக்கழகத்து டேவிட் ஸ்பாராவும் உடன் ஆய்வாளரும் துணையைப் பிரிந்த 90 பேரை ஆராய்ந்து 2013இல் எழுதினர். நடந்ததையே திரும்பத் திரும்ப எண்ணிக் குமைவோருக்கு, உணர்ச்சியைக் கொட்டி எழுதுவது தேறுதலைத் தாமதப்படுத்தியது. அத்தகையோரில் அன்றாடக் கருமங்களை மட்டும் எழுதியவர்கள் நன்கு தேறினர்.

என் கொப்பியும் இதற்குச் சாட்சி. "ஏன்?" என்ற ஒரே கேள்வியை ஒரு கிழமை எழுதியதில் நித்திரை போயிற்று. பின்னர் அன்று சமைத்தது, பஸ்ஸிலே கண்டது, மகள் சொன்னது என்று எழுதத் தொடங்கினேன். மெல்ல மெல்ல உறக்கம் திரும்பியது.

ஆகவே சகோதரிகளே, நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். எழுத்துப்பிழை பாராதீர்கள். எவருக்கும் காட்ட வேண்டாம். அவருக்கு அனுப்பவும் வேண்டாம். மனம் மேலும் கனத்தால் அன்றைய பொழுதை மட்டும் எழுதுங்கள். உயிரே வெறுத்துப் போனால் கொப்பி போதாது. தாமதியாமல் குடும்ப வைத்தியரிடம் செல்லுங்கள்.

மற்ற அங்கத்தவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வெள்ளிக்கிழமைப் பூசையில் தனியே நிற்கும் பெண்ணைக் கண்டால் காரணம் கேளாதீர்கள். "சாப்பிட்டியோ, பிள்ளை?" என்று கேளுங்கள். மிகுதியை அவள் கொப்பியிடம் சொல்லிக்கொள்வாள்.