ஓடைக்குப் பட்டா இல்லை

மேரிஸ் சிகரத்தின் உச்சிப் புல்வெளியில் நின்றேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கடலோர மலைத்தொடரில் இதுவே உயரமானது, 1,249 மீட்டர். வானம் தெளிந்திருந்ததால் மேற்கே பசிபிக் கடல் தெரிந்தது. ஆனால் பார்வை கீழே இருந்த காட்டை விட்டு நகரவில்லை. சதுரங்கப் பலகைபோல அது கட்டம் கட்டமாகக் கிடந்தது. கரும்பச்சையாய் ஒன்று, அதை ஒட்டியே மொட்டையாக வெட்டப்பட்ட இன்னொன்று.

இந்தக் கோடுகளுக்கு மூலம் 1866-இல் வந்த ஒரு சட்டம். ரயில் பாதை போடுவதற்காக, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சதுர மைல் நிலங்களை அரசு ஒரு ரயில் கம்பெனிக்குக் கொடுத்தது. நிலத்தை விற்பதில் நிபந்தனைகளைக் கம்பெனி மீறியதால், விற்காமல் எஞ்சியதை 1916-இல் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. அதனால்தான் இன்றும் பல இடங்களில் மத்திய அரசின் காடும் மரக் கம்பெனியின் காடும் மாறி மாறி வருகின்றன. மாநில அரசின் காடுகளும், குடும்பங்களின் சிறு தோப்புகளும் வேறு உண்டு.

மலையிறங்கி ஒரு காட்டுப் பாதையில் நடந்தபோது அந்த எல்லை காலடியிலேயே தெரிந்தது. ஒரு பக்கம் ஒரே வயதுடைய டக்ளஸ் ஃபர் மரங்கள், நெருக்கமாக, ஒரே உயரத்தில். நாற்பது ஐம்பது வயதில் இவற்றை வெட்டிவிடுவார்கள். மறுபக்கம் அண்ணாந்து பார்க்க வைக்கும் முதுமரங்கள், பாசி படர்ந்த தடித்த கிளைகள். மார்பில்டு மர்ரலெட் என்ற கடற்பறவை மீன் பிடிப்பது கடலில். தன் ஒற்றை முட்டையை இடுவது இப்படிப்பட்ட கிளையில். புள்ளி ஆந்தைக்கும் முதிர்ந்த காடுதான் வேண்டும். ஆந்தையை 1990-இலும் மர்ரலெட்டை 1992-இலும் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். 1994-இல் வந்த வடமேற்கு வனத் திட்டத்துக்குப் பின் மத்திய அரசுக் காடுகளில் மரம் வெட்டுவது வெகுவாகக் குறைந்தது.

ஒவ்வொருவரும் தத்தம் நிலத்துக்கு மட்டுமே முடிவெடுக்கிறார்கள். எல்லாம் சேர்ந்து நூறு ஆண்டில் என்ன ஆகும்? சிகரத்திலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள கொர்வாலிஸ் நகரில், 1990-களின் நடுவில், வனத்துறை விஞ்ஞானி தாமஸ் ஸ்பீஸ், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஜான்சன் முதலானோர் இதைக் கணினியிடம் கேட்டார்கள். ஆய்வின் பெயர் கிளாம்ஸ். 20 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு. நேரில் அளந்த மரங்களின் கணக்கைச் செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி, சிறு சிறு கட்டமாகக் காட்டை வரைந்தார்கள். யார் எந்த வயதில் வெட்டுவார், எந்த விதிக்குக் கட்டுப்படுவார் என்பதையும் சேர்த்து, நூறு ஆண்டுகளை ஓட விட்டார்கள்.

கணினியில் அரசுக் காடு மெல்ல முதுமையடைந்தது. தனியார் காடு இளமையிலேயே நின்றது. இது எதிர்பார்த்ததுதான். என்னை உலுக்கியது வேறொன்று. பட்ட மரங்களும் புதர்களும் பூச்செடிகளும் கலந்து, தீக்குப் பின் தானாக முளைக்கும் இளங்காடு இரண்டு பக்கமும் அரிதாகிப்போனது. அரசு அதிகம் வெட்டுவதில்லை, அதனால் திறந்தவெளி குறைவு. மரக் கம்பெனி வெட்டிய கையோடு களைக்கொல்லி தெளித்து ஃபர் நடுகிறது, அதனால் கலப்பு இல்லை. ஆல்டர் போன்ற அகன்ற இலை மரங்களும் குறைந்தன. யாரும் திட்டமிடாத இந்த இழப்பை எந்த ஒரு நில உடைமையாளரின் வரைபடத்திலும் பார்க்க முடியாது.

பாதை ஓர் ஓடையில் முடிந்தது. கோஹோ சால்மன் குஞ்சுகளுக்கு வேண்டியது இதுபோல் மெதுவாக ஓடும் தாழ்நிலத்து நீர். அந்த ஓடைகளில் பெரும்பகுதி தனியார் நிலத்தில் இருப்பதாக இதே ஆய்வு காட்டியது. மேலே அரசு எவ்வளவு காத்தாலும் கோஹோவின் கதி கீழே இருப்பவர்கள் கையில்.

இந்தக் கணக்கு வாழிடத்தை எண்ணுகிறது, உயிரை அல்ல. புள்ளி ஆந்தைக்கான காடு வளர வளர, கிழக்கிலிருந்து வந்த வரி ஆந்தை அந்தப் பறவையை விரட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காகக் கணக்கை ஒதுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். தனித்தனியாக யோசிப்பவர்களை ஒரே மேசைக்கு அழைக்க இதுபோன்ற பொதுப் படம் வேண்டும். அப்படி ஒரே மேசையில் மரக் கம்பெனிகளும் சூழல் அமைப்புகளும் பேசி முடித்த உடன்படிக்கையை 2022-இல் ஓரிகன் சட்டமாக்கியது. தனியார் நிலத்து ஓடைக்கரையில் வெட்டாமல் விட வேண்டிய அகலம் கூடியது. அதிக மரங்களை விட்டுவைக்கும் சிறு உடைமையாளருக்கு வரிச்சலுகையும் உண்டு.