பெசான்ஸோனில் மின்சார விரல்கள்

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். பெசான்ஸோனில் இறங்கியதும் முகத்தில் அறைந்தது பாருங்கள் ஒரு குளிர்! துறையூரில் வளர்ந்த எனக்குப் பச்சைமலை மார்கழிதான் குளிரின் எல்லை. இங்கே மூச்சை இழுத்தாலே மூக்கு வலிக்கிறது. கடைத்தெரு முழுக்கக் கொம்தே பாலாடைக்கட்டி வாசம். கடைக்குள் நுழைந்தால் முதலில் 'போன்ஷூர்' சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் கடைக்காரர் முகம் இறுகிவிடுகிறது!

பழைய நகரைத் தூ நதி வளைத்துக்கொண்டு ஓடுகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் நினைவுக்கு வராமல் போகுமா? அங்கே ராஜகோபுரம்; இங்கே குன்றின் மேல் கோட்டை. பேராலயத்துக்குள் 1860-இல் அமைத்த வானியல் கடிகாரம், சுமார் 30,000 உறுப்புகளோடு இன்றும் இருக்கிறது. பிரான்ஸின் கடிகாரத் தலைநகரம் அல்லவா!

அந்தப் பெருமைக்கு அடி விழுந்தது ஜப்பானிலிருந்து. 1969-இல் செய்கோ நிறுவனம் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தது. 1970-களில் இங்கே பட்டறைகள் மூடத் தொடங்கின. 1973-இல் லிப் ஆலைத் தொழிலாளர்கள் ஆலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டு, தாங்களே கடிகாரம் செய்து விற்ற கதையை ஊரே இன்னும் சொல்கிறது.

மதியத்துக்கு மேல் ஃபெம்டோ-எஸ்.டி. ஆய்வு நிறுவனம். நுண்ணோக்கித் திரையில் ஒரு நுண்ரோபோவின் இரண்டு விரல்கள். மோட்டார் இல்லை, பல்சக்கரம் இல்லை. அடியில் இருப்பது பீங்கான் பட்டை. மின்னழுத்தம் கொடுத்தால் அந்தப் பீங்கான் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீளும். ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் சுருங்க, பட்டை வளைகிறது; விரல் மூடுகிறது. படிகத்தை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880-இல் கண்டவர்கள் கியூரி சகோதரர்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்பதை அடுத்த ஆண்டே காட்டினார்கள். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் படிகத்தை நொடிக்கு 32,768 முறை துடிக்க வைப்பதும் இதே விளைவுதான். இந்த ஊரின் பிழைப்பைப் பறித்த அதே விளைவு, இன்று இதே ஊரில் விரலாக வேலை செய்கிறது! மெய்சிலிர்த்துவிட்டது எனக்கு.

தலைமுடியைவிட மெல்லிய துண்டு ஒன்றை விரல்கள் அலுங்காமல் தூக்கின. தூக்குவதல்ல, விடுவதுதான் பெரும்பாடாம்! விரல் திறந்துவிட்டது, துண்டு விழவில்லை, ஒட்டிக்கொண்டே நின்றது. அந்த அளவில் எடைக்கு மதிப்பே இல்லை. காற்றின் ஈரமும் நிலைமின்னும் பிடித்துக்கொள்கின்றன. ஆய்வாளர் துண்டின் ஓரத்தைத் தளத்தில் தொடவிட்டு, விரலை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தார். விட்டது. அந்த அறையில் இருந்த எல்லோரும் மூச்சுவிட்டோம்.

எனக்குக் கண்ணில் நின்றது எங்கள் திருச்சி வட்டாரம். வீடுதோறும் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டிய காலம் உண்டு. கடுகளவு கல்லை இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, ரகம் பிரிப்பார்கள் பெண்கள். விரல் ஈரமானால் கல் ஒட்டும் என்று துடைத்துத் துடைத்து வேலை பார்ப்பார்கள். சீனாவில் இயந்திரம் தீட்டிய மலிவுக் கற்கள் வந்தன, தொழில் நொடித்தது, குடும்பங்கள் வேறு வேலைக்குப் போயின.

பெசான்ஸோன் தன் கடிகாரக் கைகளை வீணாக்கவில்லை. அந்தத் திறமையின் மேல் நுண்பொறியியலைக் கட்டியது. திருச்சியில் என்.ஐ.டி. இருக்கிறது, கல் தீட்டிய கைகளும் இன்னும் இருக்கின்றன. ரோபோ படிக்கும் பிள்ளைகளே, ஒரு நாள் அந்த வீடுகளுக்குப் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.