விறகுக்கும் ஒரு காலம்

ரப்பர் மரத்தை மலேசியத் தமிழர் 'பால்மரம்' என்றே அழைத்து வந்தனர். பால் சுரக்கும் வரையில் அதற்கு அந்தப் பெயரும் பெருமையும் உண்டு. பட்டை தேய்ந்து, பால் வற்றிவிட்டால் அதற்கு எஞ்சுவது ஒரே பெயர்தான்: விறகு. "இனி இது விறகுக்குத்தான் ஆகும்" என்று மனிதர் சொல்லும்போது அச்சொல்லில் ஓர் இகழ்ச்சியும் கலந்து ஒலிக்கும். உழைத்து ஓய்ந்த மரத்தை மட்டுமா, படிப்பு ஏறாத பிள்ளையைக்கூட அவ்வாறு சொல்லும் வழக்கம் உண்டு.

ஆயினும் தமிழ் இலக்கியம் விறகை இகழ்ந்து ஒதுக்கவில்லை. மதுரை வீதியில் இறைவனே விறகு சுமந்து விற்றான் என்று திருவிளையாடற் புராணம் ஒரு படலமே பாடுகின்றது. அப்படலத்தைப் பள்ளியில் படித்தவர் பலர். விறகு விற்று வாழ்ந்தவர் சிலர். அச்சிலருள் ஒருவர், கெடா மாநிலத்தின் தென்பகுதியில் மூன்று ஏக்கர் பால்மர நிலத்துக்கு உரியவராக இருந்த பெரியவர்.

நிலம் அவருக்கு எளிதில் வாய்த்ததன்று. 1957இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியரின் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து நின்றனர். அந்த அவலத்துக்கு மாற்றுக் காணவே துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெரியவர் அதற்கு ஓராண்டு முன்னரே, மனைவியின் நகைகளை விற்றும், சேமிப்பைத் திரட்டியும், துண்டாடப்பட்ட தோட்டம் ஒன்றில் மூன்று ஏக்கரை வாங்கியிருந்தார். போருக்கு முன் நடப்பட்ட மரங்கள் அதில் இருந்தன. பிறர் நிலத்தில் பால் வெட்டிய கை, அன்றுமுதல் தன் நிலத்தில் வெட்டியது.

1971ஆம் ஆண்டின் இறுதியில் அம்மரங்கள் ஓய்ந்துவிட்டன. மறுநடவு செய்தாக வேண்டும். புதிய கன்றுகள் பால் வெட்டும் பருவம் அடைய ஆறேழு ஆண்டுகள் ஆகும். அரசாங்கத்தின் மறுநடவு உதவித் தொகையோ, அதிகாரிகள் வந்து பார்த்துச் செல்லச் செல்லத் தவணை தவணையாகவே கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் அடுப்பு எரிவது எப்படி? சிறு நிலக்காரர் பலர் நிலத்தை இழந்தது இந்த இடைவெளியில்தான்.

அவர் முன் மூன்று வழிகள் இருந்தன. நிலத்தையே விற்றுவிடலாம், கேட்பவர் இருந்தனர். நிற்கும் மரங்களைக் குத்தகைக்காரர் ஒருவரிடம் மொத்தமாகத் தள்ளிவிடலாம். அவர் தருவதாகச் சொன்ன தொகை இரண்டு மாத மளிகைக்குக்கூடப் போதாது. மூன்றாவது வழி, தாமே வெட்டி, பிளந்து, உலர்த்தி, விறகாக விற்பது. பெரியவர் மூன்றாவதைத் தேர்ந்தார். பதினேழு வயது மகனும் கூலியாள் இருவரும் துணை நின்றனர்.

வடக்கே கெடாவில் ஆண்டின் முதல் இரண்டு மாதங்கள் வறண்ட காலம். பால்மரம் இலை உதிர்த்து நிற்பதும் அப்போதுதான். 1972 ஜனவரியில் முதல் மரம் சாய்ந்தது. மரத்தை இடுப்பளவில் வெட்டி, அடிக்கட்டையை மண்ணிலேயே விட்டுவிடுவது பலருடைய வழக்கம். பெரியவர் அதற்கு உடன்படவில்லை. மரத்தைச் சுற்றித் தோண்டிப் பக்க வேர்களை அறுத்து, உயரத்தில் கயிறு கட்டி இழுக்கச் செய்தார். மரம் தன் பாரத்தாலேயே தூரோடு பெயர்ந்து சாய்ந்தது. அழுகும் தூரிலிருந்து வெண்வேர் நோய் பரவி இளங்கன்றுகளைக் கொல்லும் என்பதை அவர் பட்டறிந்திருந்தார். தூரும் வேரும் வெளியே வந்தால் நிலத்துக்கு நலம். அவையே விறகானால் வீட்டுக்கும் நலம்.

பிளப்பதிலும் ஒரு முறை இருந்தது. பால்மரம் பச்சையாக இருக்கும்போது எளிதில் பிளக்கும். காய்ந்தபின் முரண்டு பிடிக்கும். ஆகவே, சாய்த்த மரத்தை இருவர் இழுக்கும் வாளால் இரண்டடித் துண்டுகளாக அறுத்து, அன்றன்றே கோடரியாலும் ஆப்பாலும் பிளந்தனர். பட்டையில் கசியும் பால் கோடரி வாயில் ஒட்டிக்கொள்ளும்; அவ்வப்போது துடைக்க வேண்டும். முப்பது ஆண்டு வெட்டுப்பட்ட அடிமரத்தில் கோப்பை தாங்கிய பழைய கம்பிகள் பட்டைக்குள் புதைந்து கிடக்கும்; பாராமல் ஓங்கினால் கோடரி வாய் சிதறும். இவற்றையெல்லாம் மகன் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டான்.

அவன் கற்றுக்கொள்ள மறுத்தது ஒன்று உண்டு, அதுதான் காத்திருத்தல். பிளந்த விறகை மண்ணில் படாமல் கழிகளின் மேல் வைத்து, அடுக்குக்கு அடுக்கு குறுக்கு நெடுக்காக, காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே தகரத்தால் மூட வேண்டும். பக்கங்களைத் திறந்தே விட வேண்டும். பின்னர் ஐந்தாறு மாதங்கள் அதனைத் தொடக்கூடாது. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீர்தான். அந்நீர் போகாமல் எரித்தால், மரத்தின் வெப்பம் முதலில் நீரை ஆவியாக்குவதிலேயே செலவழியும், எஞ்சுவது புகை.

அந்நாளில் விறகு எடைக்கு விற்கப்பட்டது. ஒரு பிக்குல் என்பது ஏறக்குறைய 60 கிலோ. எடைக்கு விற்கும் பொருளில் ஈரமும் காசாகும். சோதனை அங்கேதான் இருந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் பெரியவர் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் படுத்துவிட்டார். கடைக்கடன் ஏறியிருந்தது, கன்று நடக் குழி வெட்டியவர்களுக்குக் கூலியும் நின்றிருந்தது. பட்டணத்தில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த பாய், வழக்கம்போல் பத்துப் பிக்குல் விறகு வேண்டுமென்று சொல்லியனுப்பினார். முந்திய ஆண்டில் காற்றில் விழுந்த மரங்களைப் பெரியவர் பிளந்து உலர்த்தி வீட்டின் பின்புறம் வைத்திருந்தார். பாய்க்குப் போய்வந்தது அந்த விறகே. மகன் அதைத் தொடவில்லை. இரண்டு மாதமே ஆன அடுக்கைப் பிரித்து வண்டியில் ஏற்றினான். குறைந்த விறகு, நிறைந்த எடை. கையில் உடனே பணம். தான் செய்தது சாமர்த்தியம் என்றே அந்த இளைஞன் எண்ணினான்.

ரொட்டி அடுப்புக்குள் விறகை எரித்து, தணலை வாரி வெளியே எடுத்தபின், கல்லில் தங்கிய சூட்டில் ரொட்டி வேகும். அன்று இரவு அடுப்பு புகைந்ததே தவிரச் சூடேறவில்லை. புளித்துப் பொங்கிய மாவு காத்திருக்குமா? அது பொங்கி அமிழ்ந்து வீணாயிற்று. விடியலில் ரொட்டிக்காக வந்த சைக்கிள்காரர்கள் வெறுங்கையோடு திரும்பினர்.

மூன்று நாள் கழித்துப் பெரியவர் வீடு திரும்பினார். செய்தி அவருக்கு முன்னரே எட்டியிருந்தது. அவர் மகனை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. வீட்டின் பின்புறம் இருந்த உலர்ந்த விறகு முழுவதையும் மாட்டு வண்டியில் ஏற்றச் சொன்னார். தளர்ந்த உடலோடு தாமும் ஏறி அமர்ந்தார்.

"பாய், இந்த விறகுக்குக் காசு வேண்டாம். அந்தப் பச்சை விறகைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். மாவுக்கு எவ்வளவு ஆயிற்றென்று சொல்லுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுகிறேன்."

"பிள்ளை அறியாமல் செய்தது, விடுங்கள் அண்ணே" என்றார் பாய்.

"அறியாமல் செய்திருந்தால் விட்டுவிடலாம். எடை கூடும் என்று அறிந்துதான் செய்திருக்கிறான்."

மகன் தலை கவிழ்ந்து நின்றான். அடுத்த இரண்டு மாதங்கள் அந்த வீட்டில் கஞ்சியும் மரவள்ளிக் கிழங்குமே உணவாயின. பெரியவர் கடனைக் கழித்தார். பாயும் வேறிடத்தில் விறகு வாங்கவில்லை.

அதன்பின் ஒரு புதிய வழக்கம் தோன்றியது. ஒவ்வோர் அடுக்கின் மேலும் சிறு தகரத் துண்டு ஒன்றில், அடுக்கிய மாதமும் ஆண்டும் எழுதிச் செருகப்பட்டன. எழுதியவன் மகன். வாங்க வருவோர் அந்தத் தகரத்தைப் பார்த்தனர். பின்னர் இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தனர். நன்கு உலர்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு ஊமையாக ஒலிக்கும். முனைகளில் விண்டிருக்கும் வெடிப்பும், தானே கழன்று விழும் பட்டையும் மற்ற சான்றுகள். தகரத்தில் எழுதிய தேதி ஒருநாளும் பொய்த்ததில்லை என்பதால், நாளடைவில் தட்டிப் பார்ப்பதையும் பலர் விட்டுவிட்டனர்.

1973ஆம் ஆண்டின் இறுதியில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சில மாதங்களுக்குள் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று. மண்ணெண்ணெய் அடுப்புக்கு மாறியிருந்த வீட்டார் சிலர் மீண்டும் விறகு தேடி வந்தனர். இப்போது மகனுக்கு வேறோர் எண்ணம் பிறந்தது. விலை இன்னும் ஏறட்டும் என்று கடைசி அடுக்கு ஒன்றை விற்காமல் மூடி வைத்தான். பெரியவர், "விற்றுவிடு தம்பி" என்று ஒருமுறை சொன்னார், மறுமுறை சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துத் தகரத்தை நீக்கியபோது, அடுக்கின் கீழே மாவு சலித்துக் கொட்டியதுபோல் மஞ்சள் பொடி குவிந்திருந்தது. பால்மரத்தில் மாச்சத்து மிகுதி. அதைத் தின்னும் வண்டுகள் உள்ளே புகுந்து விறகை உளுக்கச் செய்துவிட்டன. கையில் எடுத்த கட்டை தக்கைபோல் கனமின்றி இருந்தது.

பெரியவர் அந்தப் பொடியைக் காலால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "விறகுக்கும் ஒரு காலம் உண்டு தம்பி. முந்தினால் புகை; பிந்தினால் பொடி."

விறகு விற்ற பணம் அவரைச் செல்வராக்கவில்லை. ஆனால் கன்றுகள் வளரும் வரை, ஊடுபயிராக இட்ட வாழையோடும் நிலக்கடலையோடும் சேர்ந்து, நிலத்தை விற்காமல் காத்தது. 1978இல் புதிய மரங்களில் முதல் வெட்டு விழுந்தது. தூர்களை அகற்றிய நிலம் ஆதலால், வெண்வேர் நோய்க்குப் பலியான கன்றுகள் மிகச் சிலவே.

ஆண்டுகள் உருண்டன. பெரியவர் மறைந்தார். அவர் நட்ட மரங்களும் ஓய்ந்து, 2003இல் அந்நிலம் மீண்டும் மறுநடவுக்கு வந்தது. அதற்குள் உலகம் மாறியிருந்தது. விறகுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கப்பட்ட பால்மரம், 1980களில் தளவாடத் தொழிலின் மூலப்பொருளாக உயர்ந்தது. போரான் சேர்ந்த மருந்தை ஏற்றி வண்டுகளைத் தடுத்து, சூளையறையில் உலர்த்திப் பதப்படுத்தும் முறை வந்தபின், மலேசியாவில் செய்த பால்மர மேசை நாற்காலிகள் கடல் கடந்து சென்றன. மரம் மாறவில்லை, அதனைப் பதப்படுத்தும் அறிவுதான் வளர்ந்தது.

மர ஆலையின் ஆள் வந்து ஒரு நிபந்தனை சொன்னார்: சாய்த்த அடிமரம் சில நாள்களுக்குள் ஆலைக்கு வந்துவிட வேண்டும், தாமதித்தால் பூஞ்சை பற்றி மரம் நீலம் பாரிக்கும், வண்டும் புகும். நாற்பத்தெட்டு வயதை எட்டியிருந்த மகனுக்கு அந்த நிபந்தனை வியப்பளிக்கவில்லை. விறகுக்குக் காத்திருக்க வேண்டும், பலகைக்குக் காத்திருக்கக்கூடாது. ஒரே மரத்தின் இரு பகுதிகளுக்கு இரு வேறு காலங்கள். அன்று வெட்டிய அடிமரங்களை அன்றே லாரியில் ஏற்றும்படி அவர் வேலையை ஒழுங்கு செய்தார்.

எஞ்சிய கிளைகளையும் வேர்களையும் முன்போல் நிலத்திலேயே கொளுத்துவதற்கு இல்லை. 1997ஆம் ஆண்டின் பெரும் புகைமூட்டத்துக்குப் பின் திறந்தவெளி எரிப்புக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வீடுகளில் எரிவாயு அடுப்பு; ரொட்டிக் கடையிலும் மின்னடுப்பு. "யார் இனி விறகு வாங்குவார்கள் அப்பா? அப்படியே மக்க விட்டுவிடலாமே" என்றான் அவருடைய மகன்.

அவர் மறுமொழி கூறவில்லை. நோய் பரப்பும் தூர்களை மக்க விடலாகாது என்பதும், கோயில் திருவிழாவின் அன்னதானத்துக்கும் திருமண வீட்டின் பெரும் அடுப்புக்கும் விறகு இன்னும் தேவை என்பதும் அவருக்குத் தெரியும். கழிகளைப் பரப்பி, குறுக்கு நெடுக்காக அடுக்கி, மேலே தகரமிட்டு மூடினார். மூன்று அடுக்குகள் தேறின.

மாணவரைப் பலகையென்றும் விறகென்றும் முதலாண்டிலேயே பிரித்துவிடும் ஆசிரியரும் உண்டு. அவர்கள் அந்த நிலத்தின் ஓரமாக ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம். உடனே கைகொடுக்க வேண்டியதும், பொறுத்திருந்து உலரவிட வேண்டியதும் ஒரே மரத்தில்தான் இருந்தன.

மாலையில் அவர் மகனைக் கூப்பிட்டு, ஒரு தகரத் துண்டையும் சாயக் குச்சியையும் கொடுத்தார்.

"எதற்கு அப்பா?"

"இன்று எந்த மாதம், எந்த ஆண்டு என்று எழுதிச் செருகு. சரியாக எழுது."

பையன் எழுதினான்.